தராசு ஆடாமலிருக்கச் சாத்திய கதவு

1958-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12-ஆம் தேதி, புத்தூர் கோர்ட்டில் சொல்வது. பெயர் கோவர்த்தனன். தகப்பனார் பெயர் அப்பாவு. வயது முப்பத்தெட்டு. கைத்தறி நெசவு. இருப்பிடம் சித்தூர் ஜில்லா, புத்தூர் தாலுகா, நகரி. எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத்து தெரியாது. ஆகையால் தமிழில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். என்னை யாரும் மிரட்டவில்லை. போன மாதம் போலீசில் பொய் சொன்னபோதும் யாரும் மிரட்டவில்லை.

எங்கள் நெசவாளர் சங்கத்தில் திங்கட்கிழமைதோறும் நூல் நிறுத்துக் கொடுப்பார்கள். நிறுப்பவன் காரியதரிசி எத்திராஜ். ஆண் இல்லாத வீடுகளிலிருந்து பெண்களே நூலுக்கு வருவார்கள். அவர்களுக்கு நிறுக்கும்போது மட்டும் எத்திராஜ் நூல் அறைக் கதவைச் சாத்திக்கொள்வான். காற்றில் தராசுத் தட்டு ஆடுகிறதாம். எங்களுக்கு நிறுக்கும்போது நகரியில் காற்றே அடிக்காது. உள்ளே கையைப் பிடிப்பதும் ரவிக்கையைத் தொடுவதும் நடக்கிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். கதவைச் சாத்தியதும் நாங்கள் எழுந்து எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போய்விடுவோம். வெளியே வரும் பெண்ணின் முகத்தைப் பார்க்காமலிருப்பது அவளுக்குச் செய்யும் மரியாதை என்பது எங்கள் தெரு வழக்கம். அந்த மரியாதையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

இந்த வழக்கில் எதிரியாக நிற்கும் தாட்சாயணி எங்கள் தெருப் பெண். புருஷன் சென்னையில் மில் வேலைக்குப் போனவன், இரண்டு வருஷமாகத் தகவல் இல்லை. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. சென்ற ஆடி மாதம் அவள் என் தறியண்டை வந்து, "அண்ணா, திங்கக்கிழம நான் உள்ள போறப்போ நீ ஒண்ணும் பேச வாணாம். எழுந்து போவாம வாசல்ல நின்னுக்கினு இரு, அது போதும்" என்றாள். அப்போது நகரியைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி நாங்கள் மனுவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். அதில் முதல் கையெழுத்து எத்திராஜுடையது. ஆகையால் நான், "எல்லை விசயம் முடியட்டும்மா, இப்ப சொன்னா தெலுங்குக்காரங்க சிரிப்பாங்க" என்றேன். அதற்கு அவள், "நகரி மெட்ராசுக்குப் போயிட்டா அந்தக் கதவு தொறந்துக்குமா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு சங்கத்துப் பியூன் ரங்கையா, தெலுங்குக்காரர், வயது ஐம்பதுக்கு மேல், பெண்களுக்கு நிறுக்கும்போது நூல் அறை வாசற்படியில் வந்து உட்கார ஆரம்பித்தார். கதவைச் சாத்த வழியில்லை. எத்திராஜ் அதட்டியதற்கு, "தராசு ஆடினா ஆடட்டும் சாமி" என்று மட்டும் சொன்னார். இரண்டு மாதம் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு நூல் வாங்கிப் போனதை நான் பார்த்தேன். அதன் பிறகு எத்திராஜ் எங்களைக் கூப்பிட்டு, தெலுங்கன் நம் பெண்களை வேடிக்கை பார்க்கிறான், மனு விஷயத்தையும் அந்தப் பக்கம் சொல்லுகிறான் என்றான். எங்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவ்வளவு நாளும் எங்கே போயிருந்த ரோஷமோ தெரியாது. நானும் என் தம்பி தாமோதரனும் இன்னும் இரண்டு பேரும் ரங்கையாவைத் தெருவில் இழுத்துப்போட்டு அடித்தோம். அவருடைய தலைப்பாகையை உருவியது நான். அவர் திருப்பி அடிக்கவில்லை. மறுநாள் காளஹஸ்தியிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த திங்கட்கிழமை கதவு சாத்தப்பட்டது.

அதன் பிறகு, திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு, நகரி ஆந்திராவுக்கே என்று முடிவு தெரிந்தது. எல்லை விஷயம் முடிந்தும் நாங்கள் டீக்கடைக்குப் போவது முடியவில்லை.

பிப்ரவரி 17-ஆம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு தாட்சாயணி உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. நாங்கள் ஏழு பேர் எழுந்து போனோம். "உடுய்யா கைய" என்று அவள் சத்தம் கேட்டது. யாரும் திரும்பவில்லை. டீக்கடைக்காரர் எங்களைக் கேட்காமலே டீ ஆற்றினார். அதன் பிறகு எத்திராஜ் அலறும் சத்தம் கேட்டது. அதற்கு ஏழு பேரும் ஓடினோம். தாட்சாயணி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ரவிக்கையின் இடது கை தோளோடு கிழிந்திருந்தது. கையில் ஐந்து ராத்தல் எடைக்கல் இருந்தது. எத்திராஜுக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது.

அதன் பிறகு போலீசார் விசாரித்தபோது, நூல் அதிகம் கேட்டுச் சண்டை போட்டு அடித்தாள் என்றும், ரவிக்கை கிழிந்திருந்ததைப் பார்க்கவில்லை என்றும் ஏழு பேரும் ஒரே மாதிரி சொன்னோம். அது பொய். அந்தப் பொய்யால் அவள் இப்போது சப்ஜெயிலில் இருக்கிறாள், தண்டனையானால் அந்தக் குழந்தைக்கு நாதியில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை சப்ஜெயிலில் அவளைப் பார்த்து, கோர்ட்டில் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். அவள் அழவில்லை, கும்பிடவும் இல்லை. "சொல்லு. ஆனா திங்கக்கிழம பச்சையம்மா நூலுக்குப் போவா. இப்ப நிறுக்கறது எத்திராஜோட மச்சான். மொதல்ல அங்க போயி நில்லு" என்றாள்.

முந்தாநாள் திங்கட்கிழமை போனேன். மற்றவர்கள் டீக்கடைக்குப் போனார்கள், நான் போகாமல் வாசற்படியில் நின்றேன். ஆண் இல்லாத வீட்டுப் பெண்ணான பச்சையம்மாள் வந்தாள். உள்ளே இருந்தவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நூல் வாங்காமலே திரும்பிப் போய்விட்டாள். உள்ளே ஒருவன், வாசலில் ஒருவன் என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்கும். அவள் பேரில் தப்பில்லை.

இதுவரை எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை. போலீசில் சொன்னதை ரத்து செய்துகொள்கிறேன்.

(ஒப்பம்) அ. கோவர்த்தனன்