இஷென்குலின் பேருந்து குதிரை அல்ல

மேடையில் வீற்றிருக்கும் ஊர்த் தலைவர் நுர்காசி அவர்களே, மரணத் தொழுகையை நடத்திக் கொடுத்த இமாம் அவர்களே, பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளோடு வந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, வெண்தாடிப் பெரியவர்களே, கணவர் இஷென்குலைப் பறிகொடுத்து அழுது அழுது குரல் கட்டிப்போய் அமர்ந்திருக்கும், என் தங்கை போன்ற பாத்மா அவர்களே! இந்தத் தாஷ்-கொரோவில் பாதிப் பேரைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டி அழ வைத்தவள் நான். இன்று உங்களோடு சேர்ந்து அழ வந்திருக்கிறேன். மருத்துவச்சி ஊல்கானின் சலாமை ஏற்றுக்கொள்ளுங்கள்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'தெமிர்கான் குடும்பப் பேருந்து நிறுவனத்தின் வரலாறும், மலைவழிச் சாரதி இஷென்குலின் தொண்டும்.' பேசுகிறேன். ஆனால் அவசரமாகப் பேசுகிறேன். ஏன் அவசரம்? அடுப்புப் பக்கம் திரும்பிப் பாருங்கள். ஆட்டிடையன் திலேக்கின் மனைவி கெஞ்சேகுல் உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்குக் காலையிலிருந்து வலி. துக்கக் கூட்டத்தில் சொல்லக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். குழந்தை வயிற்றில் குறுக்கே கிடக்கிறது. என் கையால் அதைத் திருப்ப முடியவில்லை. வயிற்றைத் திறந்து எடுக்கிற மருத்துவமனை கணவாய்க்கு அந்தப் பக்கம். கணவாய் மேலே மேகம் வந்து உட்கார்ந்துவிட்டது. இன்று கடந்தால் கடந்தோம். இல்லையென்றால்? என்னைச் சொல்ல வைக்காதீர்கள்.

அந்தப் பனியில் ஏறக்கூடிய வண்டி இந்தப் பள்ளத்தாக்கில் ஒன்றே ஒன்று. அது இந்த மன்றத்தின் வாசலில் நிற்கிறது. எப்படி நிற்கிறது? முன்விளக்குகள் மேல் கறுப்புத் துணி! பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் கழற்றியாயிற்று! சாரதியின் இருக்கையில் இஷென்குலின் நீளச் சட்டை, அதன் மேல் அவருடைய வெள்ளைக் கம்பளித் தொப்பி! இறந்தவனின் குதிரைக்கு வாலையும் பிடரி மயிரையும் நறுக்கி, யாரும் ஏறாமல் ஒரு வருடம் நிறுத்தி வைக்கிறோமே, அப்படி ஒரு பேருந்தை நிறுத்தி வைத்திருக்கிறோம்!

மேதெர்பெக், உன் முகம் சிவப்பது தெரிகிறது. உட்கார் தம்பி. உன்னைத் திட்ட நான் ஏறவில்லை. இஷென்குலின் ஒரே தம்பி நீ. வெளிநாட்டில் செங்கல் சுமந்து இந்த வண்டிக்கு டயர் அனுப்பியவன் நீ. உயிரோடு இருக்கும்போது அண்ணனோடு இருக்க முடியவில்லையே என்று வெந்துபோய், செத்த பிறகாவது ஒரு மரியாதை செய்ய நினைத்தாய். உன் வேதனை எனக்குப் புரியாதா? முழுதாகக் கேள். அப்புறம் பேசு.

இந்த நிறுவனம் எப்படித் தொடங்கியது? இளையவர்களுக்குத் தெரியாது. கூட்டுப்பண்ணை கலைந்தபோது ஆளாளுக்குப் பங்கு பிரித்தார்கள். ஒருவருக்கு ஆடு, ஒருவருக்குக் குதிரை, ஒருவருக்கு டிராக்டர். இஷென்குலின் தகப்பனார் தெமிர்கான் கேட்டு வாங்கியது ஓட்டைப் பேருந்து! கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த பேருந்து! ஊரே சிரித்தது.

"யோவ் தெமிர்கான், இது பால் கறக்குமா?" என்று ஒருவர் கேட்டார்.

"கறக்காது. ஆனா உன் பொண்டாட்டியை அவ அம்மா வீட்டுல கொண்டுபோய் விடும். அந்த நிம்மதி போதாதா உனக்கு?"

கேட்டவர் யார் தெரியுமா? நம் தலைவர் நுர்காசியின் தந்தைதான். முதல் பயணத்தில் ஏறியவரும் அவர் மனைவிதான்!

சிரிக்கலாம், சிரியுங்கள். இஷென்குல் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

காசில்லாத காலம் அது. உருளைக்கிழங்கைக் கொடுத்து ஏறினோம். காய்ந்த தயிருருண்டையைக் கொடுத்து ஏறினோம். ஒன்றுமே கொடுக்காமலும் ஏறினோம். நடைபாதையில் ஆடு படுத்திருக்கும், ஆட்டின் மேல் நம் கால் இருக்கும். தெமிர்கான் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார்: "டிக்கெட் வாங்கினவனும் இறங்கித் தள்ளணும், வாங்காதவனும் இறங்கித் தள்ளணும். தள்ள மாட்டேங்கிறவன் நடந்து வரட்டும்." தலைநகரத்திலிருந்து பளபளவென்று சப்பாத்து போட்டுக்கொண்டு வந்த அதிகாரி ஒருவரையும் விடவில்லை. அவர் முழங்கால் அளவு சேற்றில் நின்று, "நான் யாருன்னு தெரியுமா உனக்கு?" என்று கத்தினார். தெமிர்கான் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "தெரியும் ஐயா, இடது பக்கம் தள்ளுறவரு. இன்னும் கொஞ்சம் குனிஞ்சு தள்ளுங்க" என்றார்.

அந்தத் தெமிர்கான் இறந்தார். துக்கக் கூடாரம் போட்டாயிற்று. மூத்த மகன் என்ன செய்ய வேண்டும்? இடுப்பில் கச்சை கட்டி, கோலை ஊன்றி, கூடாரத்து வாசலில் நின்று, வருகிறவர்கள் காது கேட்க ஓலமிட வேண்டும். இஷென்குல் நின்றார். ஓலமிட்டார். ஆனால் யார் வந்தார்கள்? ஒருவரும் வரவில்லை! கணவாய்க்கு அந்தப் பக்கத்து உறவினர் அத்தனை பேரும் சந்தைத் திடலில் மூட்டை முடிச்சோடு நிற்கிறார்கள். ஏற்றிவர வண்டி இல்லை. வண்டி இங்கே நிற்கிறது!

கோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு இஷென்குல் பேருந்தை நோக்கி நடந்தார். பெரியவர்கள் பாய்ந்தார்கள்.

"டேய், அப்பன் பொணம் கிடக்குது, நீ வண்டியோட்டப் போறியா? வெட்கமா இல்ல உனக்கு?"

"வெட்கமாத்தான் இருக்கு பெரியப்பா. ஆனா நான் போகலைன்னா அழ வர்றவங்க எப்படி வருவாங்க? நானே தனியா எவ்வளவு நேரம்தான் அழுறது?"

போனார். அன்று அந்த வண்டியில் வந்தவர்கள் இந்த மன்றத்தில் இருக்கிறீர்கள். சொல்லுங்கள், கணவாய் ஏறி இறங்கும் வரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே "என் மலையே, என் அப்பாவே" என்று அவர் ஓலமிட்டதைக் கேட்டீர்களா இல்லையா? வளைவு வந்தால் அழுகையை நிறுத்துவார், வளைவு தாண்டினால் மறுபடி அழுவார். வாசலில் நின்று அழ வேண்டிய அழுகையை அவர் வழியெல்லாம் அழுதார். தகப்பனார் இறந்த அன்றே ஓடிய வண்டி இது. இன்று யாருக்காக நிற்கிறது?

கோடையில் சிற்றுந்துக்காரர்கள் வருவார்கள். மெத்தென்ற இருக்கை, பாட்டு, சிரிப்பு. நாமும் போய் அதில் ஏறிக்கொள்வோம். முதல் பனி விழுந்தால் அவர்களைத் தேடிப் பிடிக்க முடியாது. அப்போது யாரைக் கூப்பிட்டோம்? கோடை முழுக்க வெறும் வண்டியாகப் போய்வந்த இஷென்குலை! ஒரு நாளாவது குத்திக் காட்டினாரா? என்னிடம் ஒருமுறை காட்டினார். "என்ன ஊல்கான் அக்கா, அந்த மெத்தை சீட்டு பனியில உறைஞ்சுபோச்சா?" என்று கேட்டுவிட்டு, என் மருந்துப் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். சங்கிலி கட்டிய சக்கரத்தோடு அந்த ஏற்றத்தில் எத்தனை கர்ப்பிணிகளைக் கொண்டுபோயிருக்கிறோம் நானும் அவரும்! இரண்டு பிள்ளைகள் அந்த வண்டியின் கடைசி இருக்கையிலேயே பிறந்தார்கள். அவர்கள் பேருந்தில் ஏறினால் கட்டணம் கிடையாது. "சொந்த வீட்டுக்கு யாராவது காசு கொடுப்பாங்களா?" என்பார்.

மேதெர்பெக், இப்போது உன் பேச்சுக்கு வருகிறேன். அண்ணனின் இறுதிச் சொல் என்று எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்? சந்தையில் சொன்னதை! குதிரைத் தரகன் ஒருவன், "ஏண்டா, ஒரு கிர்கிஸ் ஆம்பளை குதிரையில்லாம இருக்கலாமா?" என்று சீண்டினான். "இதுதான்டா என் குதிரை. நான் செத்தா இதோட வாலை நறுக்குங்க" என்றார் இஷென்குல். சுற்றி நின்றவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு உன் தொலைபேசிக்கு வந்து சேரவில்லை, சொல் மட்டும் வந்து சேர்ந்தது. சரி, குதிரை என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டு நினைவு விருந்தில் குதிரையை அறுத்து, வயதுக்கும் மரியாதைக்கும் ஏற்பப் பங்கு வைக்க வேண்டுமே? என்ன செய்வாய்? தலைவர் நுர்காசிக்கு இஞ்சினா? இமாமுக்கு முன்சக்கரமா? எனக்கு என்ன, ஹாரனா?

சிரிக்காதீர்கள். இப்போது நான் சிரிப்பதற்குச் சொல்லவில்லை.

இறந்தவரின் இறுதிச் சொல் நம்மைக் கட்டும். நானும் அதை மீறச் சொல்லவில்லை. ஆனால் இறுதிச் சொல்லைக் கேட்டது யார்? நான்! இந்த ஏழு நாளாக என்னை யாராவது கேட்டீர்களா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் விழுந்த அன்று, ஊரையெல்லாம் ஏற்றிச் சென்றவரை ஏற்றிச் செல்ல ஆளில்லாமல், அவர் மகள் அய்ஜார்கின்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பின்னிருக்கையில் அவர் தலை என் மடியில். கணவாயின் கடைசி ஏற்றம். முன்னால் பனி. அந்தப் பெண் பயந்துபோய், "அப்பா, கொஞ்சம் நிறுத்தி உங்களைப் பார்த்துட்டு வரட்டுமா?" என்று கத்தினாள். அவர் கண்ணைத் திறந்தார். என்ன சொன்னார்?

"நிறுத்தாத பொண்ணு. ஏத்தத்துல நிறுத்தினா மறுபடி கிளம்பாது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நான் இதைப் பெரிய உபதேசமாக ஊதிக் காட்ட வரவில்லை. அவர் வண்டியைத்தான் சொன்னார், அந்த ஏற்றத்தைத்தான் சொன்னார். சாகும்போதும் அந்த மனிதருக்குக் கிளட்ச் கவலை! ஆனால் அதுதான் கடைசிச் சொல். இமாம் அவர்களே, கட்டுமா கட்டாதா? தலையசைக்கிறார். எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள், இமாம் தலையசைக்கிறார்!

அய்ஜார்கின்! எங்கே நீ? அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதே மகளே. மெதுவாக ஓட்டியதால் அப்பா போய்விட்டார் என்று நினைத்துத்தானே அந்த வண்டிப் பக்கமே போகாமல் இருக்கிறாய்? அவர் நாடியைப் பிடித்திருந்தவள் நான் சொல்கிறேன், நீ பறந்து போயிருந்தாலும் அந்த நெஞ்சு நின்றிருக்கும். உன் மேல் குற்றமில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் மேடை ஏறுவதற்கு முன் கெஞ்சேகுலின் நாடியையும் பிடித்துப் பார்த்தேன். அது ஓடுகிற ஓட்டம் நல்ல ஓட்டமில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் அந்த ஏற்றத்தைத் தெரிந்த சாரதி இனி நீ ஒருத்திதான். வயதில் மூத்தவள், உன் காலில் விழட்டுமா?

பெரியோர்களே! மண் மூடுவதற்கு முன் இமாம் நம்மைக் கேட்டாரே, "இவர் எப்படிப்பட்ட மனிதர்?" என்று. "நல்லவர்!" என்று ஒரே குரலில் சொன்னோமே! அந்தச் சாட்சியத்தின் ஈரம் காயவில்லை. இன்று ஒரு தாயும் பிள்ளையும் அந்த வண்டி நின்றதால் போனார்கள் என்றால், நாளை அவர் கல்லறைக்கு எந்த முகத்தோடு போவோம்?

'அன்னார் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம்' என்று எல்லாரும் எழுந்து நின்று சொல்வதற்கு ஓர் உறுதிமொழியைத் தயாரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இதை நான் வாசிக்க மாட்டேன். மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறேன். எழுந்து நின்று சொல்ல நமக்குச் சுலபம். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

யாரது கதவைத் திறந்தது? குளிர் வருகிறது... அய்ஜார்கின்! போகிறாள்! பாத்மா, நீயா அவளை எழுப்பி அனுப்பினாய்? துக்கத்தில் இருப்பவள் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும் என்று யாராவது உன்னைச் சொன்னால் என்னிடம் அனுப்பு. மேதெர்பெக், நீ எங்கே? என்ன அது உன் கோட்டுக்குள்? கண்ணாடிகள்! தம்பி, நெஞ்சோடு வைத்துக்கொண்டா திரிந்தாய்? ஓடு, போய் மாட்டு. அந்தக் கறுப்புத் துணியையும் கழற்று. சட்டையையும் தொப்பியையும் எடுக்க வேண்டாம், அவள் முதுகுக்கு அது இருக்கட்டும்.

திலேக், மனைவியைத் தூக்கு. மெதுவாக! இடது பக்கமாகச் சாய்த்துப் பிடி.

பேசாமல் இருங்கள் எல்லாரும். கேளுங்கள்.

இழுக்கிறது... பிடிக்கவில்லை. மறுபடி... பிடிக்கவில்லை. ஏழு நாள் குளிரில் நின்ற இஞ்சின்! யா அல்லா... இன்னொரு தடவை... இல்லை, பிடிக்கவில்லை.

என்ன என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்? தெமிர்கானின் சட்டம் மறந்துபோயிற்றா? தலைவரே, இறங்குங்கள்! இமாம் அவர்களே, நீங்களும்! உருளைக்கிழங்கு கொடுத்தவர், கொடுக்காதவர், எல்லாரும்! கூட்டம் முடிந்தது! வெளியே வந்து தள்ளுங்கள்!