ஒன்பது அடி கிழக்கே

எங்கள் லேஅவுட்டில் தண்ணீர் காலை ஆறு பத்துக்கு வரும். முதல் வரிசை வீடுகளுக்கு நாற்பது நிமிடம், நடு வரிசைக்கு நாற்பது, கடைசி வரிசைக்கு ஐம்பது. தண்ணீர் அங்கே போய்ச் சேர்வதற்குள் வேகம் குறைந்துவிடும், அதற்காகப் பத்து நிமிடம் கூடுதல். இந்தக் கணக்கைப் போட்டவன் நான். வால்வைத் திருகுகிறவர் இராஜமாணிக்கம். அவரைப் போலீஸ் பிடித்து வைத்து ஐந்து நாளாகிறது. ஐந்து நாளாகக் கடைசி வரிசைக்குச் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்ரீகண்டன். வயது அறுபத்தேழு. முப்பத்திரண்டு வருடம் அரசாங்கத்தில் சாலைப் பிரிவில் இருந்தேன். பதினோரு வருடமாக எங்கள் அசோசியேஷனுக்குச் செயலாளர். கன்னடத்திலேயே எழுதித் தரும்படி உங்கள் சப் இன்ஸ்பெக்டர் வீணா மேடம் கேட்டார். வேலைக் காலம் முழுக்க நான் எழுதிய ஃபைல் எல்லாம் கன்னடம்தான். ஆனால் இது வீட்டு விஷயம் மாதிரி. தமிழில் எழுதினால்தான் எனக்கு வரிசையாக வரும்.

எங்களுக்குப் பொதுவானவை மூன்று: தண்ணீர், ஏரிக்குப் போகும் ரோடு, ஏரிக்கரை. முதலிரண்டையும் ஒழுங்குக்குக் கொண்டு வந்துவிட்டேன். ரோட்டுக்குக் கேட் போட்டேன். வைட்ஃபீல்டுக்குக் குறுக்கு வழி தேடி வந்த வண்டிகள் நின்றன. கரை மட்டும் அடங்கவில்லை. டாக்ஸிக்காரர்கள் கால்நடைப் பாதை வழியாக வந்து வண்டி கழுவுவார்கள். பக்கத்தில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் தகர ஷெட்டுகளிலிருந்து பெண்கள் துணி மூட்டையோடு வருவார்கள். வேலி வேண்டும் என்று நான்கு வருடத்தில் பதினான்கு மனு கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் அந்த அலுவலகத்தில் ஒரே கேள்விதான். "ஏனாதரூ ஆகிதியா சார்?" ஏதாவது நடந்திருக்கிறதா என்று அர்த்தம்.

அந்தக் கேள்வியில் தப்பில்லை. நானும் சர்வீஸில் அதையே கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை கேட்டு வருவார்கள். விபத்து விவரத்தை இணையுங்கள் என்று திருப்பி அனுப்புவோம். சில மாதம் கழித்து இணைத்துக்கொண்டு வருவார்கள். அன்றைக்கே உத்தரவு போடுவோம். ஒரு இடத்தில் ஒன்று நடந்தால்தான் அந்த இடம் ஃபைலுக்குள் வரும். இது யாருடைய கொடுமையும் அல்ல, நடைமுறை.

ஆகவே கரையில் ஒன்று நடக்க வேண்டியிருந்தது.

இரண்டு வருடம் முன்பு போர்வெல் வற்றிய கோடையில், ஊற்று பிடிக்கட்டும் என்று கரையோரம் ஜேசிபி விட்டு வண்டல் எடுத்தோம். பன்னிரண்டடி ஆழம், ஆறடி அகலம், கரைக்கு இணையாக நீளப் பள்ளம். அதற்கு அப்பால் மறுபடி இடுப்பளவுதான். பிறகு மழை வந்து ஏரி நிரம்பியது. பள்ளத்தை மூடியாயிற்று என்று அசோசியேஷன் மினிட்ஸில் எழுதினேன். மூடவில்லை. இராஜமாணிக்கம் அப்போது ஆரணியில் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார், அவருக்குத் தெரியாது. அந்தப் பச்சைத் தண்ணீரில் பார்த்தாலும் தெரியாது.

எங்கள் பிள்ளையாரைக் கரைப்பதில் ஒரு வழக்கம் உண்டு. சாமி முகம் கடைசி வரைக்கும் ஜனங்களைப் பார்த்தபடி போக வேண்டும். அதனால் சிலையைத் தலையில் வைத்திருப்பவர் கரையைப் பார்த்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து இறங்குவார். தண்ணீருக்குள் ஒரு மூங்கில் கம்பு, சிவப்புத் துணி கட்டி நட்டிருக்கும். அது முதுகில் பட்டதும் நிற்க வேண்டும், மூன்று முழுக்கு, விட்டுவிட வேண்டும். வழக்கமான இடத்தில் பள்ளம் கிடையாது. கம்பை ஒன்பது அடி கிழக்கே தள்ளி நட்டால், கரைக்கும் கம்புக்கும் நடுவில் பள்ளம் வரும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கரைக்கிற அன்றைக்கு டேப் பிடித்து அளந்தேன். பட்டப்பகல், பதினொன்றரை மணி, கரையில் இருபது பேராவது கோலம் போட்டுக்கொண்டும் சாமியானா கட்டிக்கொண்டும் இருந்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் சொன்னபடி இராஜமாணிக்கம் பழைய இடத்தில் இறங்கி, பள்ளம் இருப்பது தெரியாமலே அதைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து போய் நட்டார். அவருக்கு எங்கும் இடுப்புக்கு மேல் நனையவில்லை. "இங்க எதுக்கு சார், எப்பவும் அங்கதானே?" என்றார். சேறு என்றேன். நான் சொல்லித்தான் நட்டதாக இப்போது உங்களிடம் சொல்லியிருக்கிறார். அப்படி எழுத்தில் எதுவும் இல்லை என்று நான் பதில் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

சிலை தூக்குகிறவரைச் செயலாளர்தான் நியமிப்பார். இதை நான் இஷ்டத்துக்குச் செய்யவில்லை. அறுபத்துநான்கு வீட்டுக்கும் பட்டியல் போட்டேன், இத்துடன் இணைத்திருக்கிறேன். வெளியாள் கூடாது, ஷெட்டுக்காரர் செத்தால் ஃபைல் நகராது. அறுபது தாண்டியவர்கள் விலக்கு. சின்னக் குழந்தை இருக்கும் வீடு விலக்கு. ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பம் விலக்கு. நீச்சல் தெரிந்தவர்களை எடுத்துவிட்டேன், பிரயோஜனமில்லை. கடைசியில் நின்றது முப்பத்தெட்டாம் நம்பர் வீட்டு சுதீர். வயது முப்பத்தொன்று, ஐடி வேலை, மனைவி ஸ்னேஹாவும் சம்பாதிக்கிறாள், வீட்டுக் கடனுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது.

எனக்கு அவனைப் பிடிக்கும். கூட்டங்களில் எனக்கு எதிராகப் பேசுவான், ஆனால் குரல் உயர்த்த மாட்டான். "ஏரி நம்மளுது இல்ல அங்கிள். ஏரிக்குப் பக்கத்துல நாம இருக்கோம், அவ்ளோதான்" என்பான். வேலி வேண்டாம், ரோட்டுக் கேட்டைத் திறந்துவிடலாம், ஷெட்டுக்காரர்களுக்கும் ஒரு குழாய் போடலாம் என்பான். அடுத்த ஞாயிறு நடக்க இருந்த பொதுக்குழுவில் செயலாளர் பதவிக்கு மனு போட்டிருந்தான். நாற்பத்தொரு வீட்டார் அவனுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இது வேறு விஷயம். வீணா மேடம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார். போட்டி இல்லாமல் போனதால் நானே தொடர்கிறேன், அவ்வளவுதான்.

சாயந்திரம் ஐந்தே முக்கால் மணிக்கு இறங்கினான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். தலையில் பிள்ளையார். கரையிலிருந்த ஸ்னேஹாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பின்னால் நடந்தான். பத்தாவது அடியிலோ பதினோராவது அடியிலோ காணாமல் போனான். சத்தமே இல்லை. முழுக்குப் போடுகிறான் என்று நினைத்து ஜனங்கள் கோஷம் போட்டார்கள். மூன்றாவது கோஷத்துக்குப் பிறகுதான் ஸ்னேஹா ஓடினாள்.

யாரோ கயிறு கேட்டார்கள். கயிறு அசோசியேஷன் அறையில் பூட்டியிருந்தது, சாவி என்னிடம். ரிஜிஸ்டரில் நேரம் எழுதிவிட்டு எடுத்துக் கொடுத்தேன். ஐந்து ஐம்பத்திரண்டு. இராஜமாணிக்கம்தான் குதித்துத் தேடி இழுத்து வந்தார். அப்போது மணி ஆறாகிவிட்டது. அந்த மனுஷனைத்தான் பிடித்து வைத்திருக்கிறீர்கள், எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

சுதீருக்காகவும் வருத்தம் உண்டு. இரங்கல் தீர்மானம் நானே எழுதினேன். பதினைந்தாவது மனுவில் இறப்புச் சான்றிதழின் நகலை இணைத்தேன். ஒன்பதாவது நாள் வேலிக்கு அனுமதி வந்தது. இனி அந்தக் கரையில் ஒரு குழந்தைகூட விழ முடியாது. எத்தனை குழந்தைகள் பிழைத்தன என்று யாராலும் எண்ண முடியாது என்பதால், இதன் நன்மை யாருக்கும் புரியாது.

இதுவரை எழுதியதையும் பட்டியலையும் படித்த வீணா மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்க வீட்டம்மா கிட்ட பேசினேன் சார். கரைக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சுதீர் உங்க வீட்டுக்கு வந்தாராமே. எதுக்கு?"

என் மனைவி ரமா இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. காலை எட்டு மணிக்கு மைசூர்பாகு டப்பாவோடு வந்தான். காலில் விழுந்து எழுந்தான். "ஸ்னேஹாவுக்கு மூணு மாசம் அங்கிள். ஆபீஸ்ல கூட இன்னும் சொல்லல. எங்கப்பா இல்ல, அதனால உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன்" என்றான். ரமா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். நல்ல நெய்.

அவன் போன பிறகு பட்டியலை எடுத்துப் பார்த்தேன். குழந்தை இருக்கும் வீடு விலக்கு என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். அரை மணி நேரம் யோசித்தேன், யோசிக்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் அவன் வாயால் சொன்னதோடு சரி, டாக்டர் சீட்டு எதுவும் காட்டவில்லை. ஆதாரம் இல்லாமல் பட்டியலைத் திருத்துகிற பழக்கம் எனக்கு இல்லை.