நாலாவது போட்டோ

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். என் மச்சான் ப்ரயூன், வெள்ளைக்காரர்களுக்கு விசா பேப்பர் எழுதிக் கொடுக்கிறவன். அவனிடம் வந்த ஒருவருக்கு நடந்தது இது.

சாயங்காலம் ஆறே கால். தாய்லாந்தில், பிரான்புரி அன்னாசித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண் ரோடு... கோடியில் ஒரே ஒரு வீடு. வாசலில் ஆர்விட் நிற்கிறார். வயது அறுபத்தெட்டு. நார்வேயில் இருந்ததையெல்லாம் விற்றுக் கட்டிய வீடு. வெளிநாட்டான் பேரில் மனை எழுத மாட்டார்களே, அதனால் மனைவி சுமாலி பேரில் இருந்தது. அவள் புருஷன் என்பதால்தான் தங்கும் அனுமதியும். அது நாளையோடு முடிகிறது. இன்று விசா ஆபீஸிலிருந்து வந்து, சேர்ந்துதான் வாழ்கிறார்கள் என்பதற்குச் சாட்சியாக இரண்டு பேரையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். அவளோ நாலு நாள் முன்னே சண்டை போட்டுக்கொண்டு தூரத்து ஊரான சுரினில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"என்ன ஆனாலும் நீ வந்துடு. எனக்கு வேற போக்கிடம் இல்ல" என்று முந்தின நாள் போனில் அழுதார் மனுஷன்.

"போட்டோவுக்கு மட்டும் நான் வேணுமாக்கும்? சரி, ராத்திரி பஸ் ஏறுறேன். அழுது தொலைக்காதே."

பஸ் காலையிலேயே வந்திருக்க வேண்டும். அவள் போன் அணைந்தே கிடந்தது.

ஜீப் வந்து நின்றது. அதிகாரி வாசனா இறங்கினாள்.

"என்ன பெரியப்பா, பொண்டாட்டி ஓடிட்டாங்களா? அவங்க இல்லேன்னா நான் ஃபைலை மூடிடுவேன். நீங்க மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

"வந்துடுவா... அஞ்சு நிமிஷம்... அஞ்சே நிமிஷம்..." ஆர்விட் ரோட்டையே பார்த்தார்.

சரக்... சரக்... அன்னாசிச் செடிகளுக்குள்ளிருந்து சுமாலி வந்தாள். வெறுங்கால். கூந்தல் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மழை பெய்து ஒரு வாரமாகிறது. பக்கத்தில் வந்ததும் சேறும் டீசலும் கலந்த வாடை.

ஆர்விட்டுக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சில்லென்றிருந்தது.

"ரெண்டு பேரும் இங்கதானே இருக்கீங்க?" என்றாள் வாசனா.

"இவரை விட்டுட்டு நான் எங்க போறது?" என்றாள் சுமாலி.

கதவு எண் தெரிய வாசலில் ஒரு படம். கூடத்தில் ஒன்று. அடுப்படியில் ஒன்று. அதோடு கேமராவில் சார்ஜ் போய்விட்டது.

"படுக்கையறைப் படம் பாக்கி. அதை நீங்களே எடுத்து நாளைக்குள்ள போன்ல அனுப்பிடுங்க, பெரியப்பா."

ஜீப் போனது. சுமாலி படுக்கையறைக்குள் போனாள். அப்பாடா என்று ஆர்விட் உட்காரவும் போன் அடித்தது. அவள் அக்கா.

"ஆர்விட்... விடியக்காலையில பஸ் வாய்க்கால்ல கவுந்துடுச்சு... இப்பதான் சுமாலி உடம்பை வெளிய எடுத்தாங்க..."

எட்டிப் பார்த்தார். அறையில் யாரும் இல்லை. மெத்தையில் ஒரு பக்கம் மட்டும் ஈரம்... டீசல் வாடை.

அறையை வெளியே தாழ்போட்டுவிட்டுக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஓடலாம்தான். எங்கே ஓடுவது? விடியற்காலையில் எப்படியோ கண் அசந்துவிட்டது.

போன் சத்தத்தில் விழித்தார்... கட்டிலில் கிடந்தார். சட்டை ஒரு பக்கம் ஈரம்.

"பெரியப்பா, நாலாவது போட்டோ வந்துடுச்சு," என்றாள் வாசனா. "நீங்க தூங்குறீங்க, அவங்க பக்கத்துல உக்காந்து சிரிக்கிறாங்க. நல்லாத்தான் இருக்கு. ஆமா, எடுத்தது யாரு?"

ஆர்விட் பக்கத்துத் தலையணையைத் தொட்டுப் பார்த்தார்.

"சரி விடுங்க. ஒரு வருஷத்துக்கு முத்திரை போட்டாச்சு. இனி அந்த வீட்டை விட்டு உங்களை யாரும் அனுப்ப முடியாது."