மூடிய வரியைத் திறந்த தமயந்தி அம்மையாருக்கு

கடலில்லா ஊரில் அமர்ந்து கடலுக்குக் காது கொடுத்த காவலே! ஓராயிரம் பொய்க் குரலுக்கு நடுவே ஒரு மெய்க் குரலை ஓர்ந்து கண்ட ஒப்பிலாச் செவியே! முப்பத்து நான்கு ஆண்டுகள் முகம் சுளிக்காமல், ஆனால் முணுமுணுக்காமல் ஒரு நாளும் இல்லாமல், எங்களை மேய்த்த எங்கள் பிரிவின் பெருமாட்டியே! தமயந்தி அம்மையீர்! வணக்கம்!

ஆங்கிலத்தில் ஒரு மடலும் கன்னடத்தில் ஒரு மடலும் வாசித்தாயிற்று. உங்கள் தலையில் வைத்த மைசூர் பேட்டாத் தலைப்பாகை காதுவரை இறங்கி வருவதையும், நீங்கள் அதை ஒரு விரலால் தூக்கித் தூக்கி விடுவதையும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறோம். இது உங்கள் பணி ஓய்வு விழாவின் மூன்றாவது மடல், தமிழ் மடல். இதில் உங்களை ‘அவர்’ என்றே சொல்லப் போகிறோம். நேரே ‘நீங்கள்’ என்று ஆரம்பித்தால் நடுவில் எழுந்து நாங்கள் சொல்லும் நேரத்தைத் திருத்துவீர்கள். இன்று ஒரு நாளாவது உட்கார்ந்து கேளுங்கள்.

வந்திருக்கும் விருந்தினர்க்கு நம் வேலையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறோம். கடலில் விழுந்தவர் தம் மிதவைச் சட்டையிலுள்ள அபாயக் கருவியை இழுத்தால், அதன் எண் செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரில் உள்ள நம் மேசைக்கு வந்து சேரும். அந்த எண் யாருடையது என்று பட்டியலில் பார்த்துக் கடலோர மீட்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். வருகிற எண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு வீண் ஒலி. பழைய இரும்புக் கடையில் கிடக்கும் கருவி கத்தும். பேட்டரி மாற்றும் பட்டறையில் சோதித்தால் கத்தும். பட்டறைக்காரர்கள் ஒவ்வொரு மணியின் முதல் ஐந்து நிமிடத்தில் மட்டும் சோதிக்கலாம் என்பது ஏற்பாடு. அப்படி வந்தால் பட்டறைக்குத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, ‘சோதனை’ என்று பதிவேட்டில் எழுதி அந்த வரியை மூடிவிடலாம்.

பதிவேட்டுக்கு அம்மையார் வைத்த சட்டம் ஒன்று உண்டு. எழுதியதை அழிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. தவறென்று தெரிந்தால் அதன் கீழே புது வரி எழுதி, நேரம் குறித்து, பெயர் போட வேண்டும். பிரிவுக்கு வந்த முதல் நாளே வெள்ளை மைக் குப்பியைக் குப்பைத் தொட்டியில் எறிந்தவர் அவர்.

ஆறாண்டுகளுக்கு முன் ஒரு ஆனி மாதம். மேற்குக் கடலில் கவிழ்ந்த மீன்பிடிப் படகைத் தேடிப் போன மீட்பு ஹெலிகாப்டர் ஒன்று, சாயங்காலம் தானே கடலில் விழுந்தது. ஐந்து பேரில் மூவரை அன்றிரவே எடுத்துவிட்டார்கள். இணை விமானி ப்ரஹ்லாத், கயிறு இறக்கும் கிளெமென்ட் இருவரையும் காணவில்லை. காப்பாற்றப் போனவர்களையே காப்பாற்ற வேண்டிய காலம். மறுநாள் காலை முழுவதும் கப்பல்கள் வடக்கே தேடிக்கொண்டிருந்தன.

அம்மையாருக்கு அன்று பிற்பகல் பணி. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் பதினொன்றரைக்கே வந்துவிட்டார். யாரோ வைத்த தேநீர் ஆடை கட்டிக்கொண்டிருக்க, நின்றபடியே பதிவேட்டைக் கீழிருந்து மேலாகப் படித்தார். அது அவர் பழக்கம். ஒன்பது மணி மூன்று நிமிட வரியில் விரல் நின்றது. ஒரு மிதவைச் சட்டையின் எண், இடம் தெரியவில்லை, அடுகோடி ரங்கா பட்டறையில் பேட்டரி மாற்றத்தில் இருப்பது, சோதனை, மூடப்பட்டது.

“ரங்காவுக்கு ஃபோன் போட்டியா?” என்றார் பணியிலிருந்தவரிடம். அவர் பெயர் பிறகு வரும்.

“அடிச்சேன் மேடம், எடுக்கல. அஞ்சு நிமிஷத்துக்குள்ளதானே வந்திருக்கு? அவன் டெஸ்ட்டுதான்.”

“ரங்கா பத்து மணிக்கு முன்னாடி ஷட்டர் தூக்கி நீ பாத்திருக்கியா?”

அம்மையார் எட்டு முறை அழைத்தார், எட்டு முறையும் மணி அடித்து ஓய்ந்தது. சும்மா இருந்தால் அவர் தமயந்தி அல்லர். கைப்பையை எடுத்தார், ஆட்டோ பிடித்தார். ஓசூர் ரோட்டு நெரிசலில் ஆட்டோ அசையாமல் நிற்க, வாரக் கடைசியில் சமைக்க வாங்கி வைத்த கருணைக்கிழங்கு வரைக்கும் மனம் எங்கெங்கோ ஓடி, திரும்பத் திரும்ப அந்த ஒன்பது மூன்றிலேயே வந்து முட்டிக்கொண்டதாம். தம் பயம் பொய்யாக வேண்டும், ரங்கா தம்மைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனாராம். இரண்டு சிக்னல் இருக்கும்போதே இறங்கி நடந்துவிட்டார்.

பட்டறையில் சாணை இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது. ஃபோன் எண்ணெய்த் துணிக்கு அடியில் கிடந்தது.

“சும்னே இவ்ளோ தூரம் ஏன் மேடம் வந்தீங்க? ஒரு ஃபோன் பண்ணிருந்தா...”

“காலைல ஏதாவது டெஸ்ட் பண்ணியா?”

“இப்பதான் மேடம் கடையே தொறந்தேன். வீட்ல கொஞ்சம் லேட்டு.”

“அந்த ஆரஞ்சு ஜாக்கெட் எங்க? கடைசி மூணு நம்பர் ஏழு நாலு ஒண்ணு.”

“அது போயாச்சே! சண்டே கிளெமென்ட் சார் லீவு முடிஞ்சு கிளம்பும்போது வந்தார். ‘கொரியர் வந்து சேர ஒரு வாரம் ஆகும், நானே கையோட எடுத்துட்டுப் போறேன், குடு’ன்னாரு. குடுத்துட்டேன். பேப்பர்தான் இன்னும் இங்கயே இருக்கு.”

இதே பெங்களூரின் லிங்கராஜபுரத்து வீட்டிலிருந்து விடுப்பு முடிந்து போனவர் கையோடு கொண்டுபோன சட்டை. கடுதாசி அடுகோடியில், சட்டை கடலில். அம்மையார் அங்கேயே ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். எண்ணை இரண்டு முறை தவறாக அழுத்தி, மூன்றாம் முறை நம் மேசையைப் பிடித்தார்.

“அந்த வரியத் திற. இப்பவே. அது கிளெமென்ட்டு.”

மணி பன்னிரண்டு இருபத்தொன்று. வரியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. ‘சோதனை’ என்று மூடிய எண்ணின் குரலைக் கணினி அன்று முழுவதும் தனியே ஒதுக்கி வைக்கும். பத்து இருபதுக்கு அதே எண் மறுபடி கத்தியிருந்தது. அந்த முறை செயற்கைக்கோள் வழக்கம்போல் இரண்டு இடங்களைச் சொல்லியிருந்தது, ஒன்று மெய், ஒன்று அதன் நிழல். ஒன்று குடகில் ஒரு காப்பித் தோட்டம். மற்றொன்று கடல், கப்பல்கள் தேடிய இடத்துக்கு நெடுந்தூரம் தெற்கே. காப்பித் தோட்டத்தில் யாரும் மிதப்பதில்லை.

இரண்டு மணிக்குக் கப்பல் போய்ச் சேர்ந்தது. கிளெமென்ட் உயிரோடு இருந்தார். இரவெல்லாம் ஊமையாகக் கிடந்த கருவி விடிந்த பிறகே விட்டு விட்டுக் கத்தியதாம். இதோ முன்வரிசையில், மனைவி ஆஞ்சலாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

ப்ரஹ்லாத் கிடைக்கவில்லை. அவர் சட்டை கிழிந்துவிட்டிருந்தது; கிளெமென்ட்டின் பட்டையைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் மிதந்தார். காலை பதினொரு மணி வாக்கில் அவர் கை விட்டது.

விசாரணை வந்தது. பெரியவர்கள் கேட்டது ஒரே கேள்வி: பட்டறையில் கேட்காமல் மூடியது யார்? பிரிவின் பொறுப்பு என்னுடையது, என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்றார் அம்மையார். எழுதிக்கொண்டார்கள். கண்டனக் குறிப்பு அவருடைய பணிக் கோப்பில் ஏறியது. வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. ப்ரஹ்லாத்தின் மனைவி அம்ருதாவின் வீட்டுக்கும் தனியாகவே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு மழை பெய்த எந்த நாளிலும் அவர் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

இதுவரை நாங்கள் பன்னிரண்டு பேர் கூடி எழுதினோம். இனி வருவதை ஒருவன் மட்டும் எழுதினான்.

அந்த வரியை மூடியவன் நான். ஒரு முறை அழைத்துவிட்டு, எடுக்கவில்லை என்றதும் மூடினேன். விசாரணை அறை வாசலில் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “உனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகல. எனக்கு இருக்கறதே ஆறு வருஷம். வாய மூடிக்கிட்டு, இனிமே காத தொறந்து வெச்சுக்கோ.” வாயை மூடினேன். ஆறாண்டு மூடினேன். நிரந்தரம் ஆன பிறகும் மூடியிருந்தேனே, அதற்கு உங்கள் அன்பு காரணம் அல்ல, என் கோழைத்தனம்தான் காரணம்.

நேற்று அம்ருதா அவர்களிடம் போய்ச் சொன்னேன். “தமயந்தி மேடம் ஒரு தடவகூட ‘நான் மூடினேன்’னு சொல்லல. ‘எங்க மேசை மூடிடுச்சு’ன்னுதான் சொன்னாங்க,” என்றார். என்னை உட்காரச் சொல்லவில்லை. அது நியாயம்தான். இன்று காலை இயக்குநரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அம்மையீர்! அலைகளை எண்ணிய கண்கள் இனி அயரட்டும்! ஆனி மழை ஓட்டின்மேல் விழுந்தால் அது வெறும் மழையாகவே உங்கள் காதில் விழட்டும்! ஆற வைத்த தேநீரெல்லாம் போதும், இனிச் சூடாகக் குடித்து, நாற்காலியில் சாய்ந்து, நோயின்றி நெடுநாள் இருங்கள்!

கண்ணாடிச் சட்டத்துக்குள் இந்த மடலோடு இன்னொரு தாளும் இருக்கிறது, அந்த நாளின் பதிவேட்டுப் பக்கத்தின் நகல். இயக்குநரின் அனுமதியோடு, உங்கள் சட்டப்படி, அதன் கீழே இன்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது:

‘09.03 வரியைக் கேட்காமல் மூடியது தவறு. மூடியவன் ரவிக்குமார். 12.21-க்குத் திறந்தவர் தமயந்தி.’

எதையும் அழிக்கவில்லை, மேடம். கீழேதான் எழுதியிருக்கிறேன்.

தங்கள் பிரிவின் பன்னிரு பணியாளர்கள் சார்பில்,
ரவிக்குமார்
பெங்களூரு