கண்டம் கோத்த நூல்

சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் பேருந்து. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் உப்புக்கண்டம் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். கேட்கும்போதே எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"கறியில உப்பும் மஞ்சளும் பெரட்டி, அவுக வேலைக்கூடையில கெடந்த நூல்லயே கோத்து மாடியில காயப்போட்டேன் மதினி."

"வெள்ள நூலா, கருப்பு நூலா?"

"கருப்புதான். ஏன் மதினி?"

"அடியே, அது வெடித்திரி. மருந்து தேச்ச நூலுல்ல!"



"நூல உருவிட்டுத்தான் வறுத்தேன்."

"உருவுன நூல என்ன செஞ்ச?"

"வெறகடுப்புல போட்டேன். சர்ருன்னு பொறி பறந்துச்சு. கறிக்கொழுப்புன்னு நெனச்சேன்."

"வறுத்தது இப்ப எங்கன இருக்கு?"

"காலையில அவுகளுக்குக் குடுத்துவிட்டேன்." போனைக் காதில் வைத்தாள். "அடிக்குது, எடுக்க மாட்டேங்காக."

"பட்டாசுக் கம்பெனி வாசல்லயே போன வாங்கி வச்சுருவாகளே."

ரயில்வே கேட்டில் பேருந்து நின்றது. மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது.

"ஏதோ ரெண்டு துண்டுதானே வச்சுவிட்ட?"

"கூட வேலை பாக்குறவுகளும் கேட்டாகளாம் மதினி. எல்லாத்தையும் வச்சுவிட்டேன்."