எழுத்துப் பிழை இல்லாத சொல்

எங்கள் பாரோய் வட்டாரத்தில் காலை நேரத்தில் கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், இன்ஸ்பெக்டர். உங்களுக்கு என் வாசலிலேயே கிடைத்துவிட்டது. உட்காருங்கள். வந்ததிலிருந்து என் கைத்தொலைபேசியையே பார்க்கிறீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அழைப்பைப் பற்றி நானே சொல்கிறேன்.

ஓய்வு பெறும்வரை சிரம்பானில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஏர்கோன் குளிர்சாதனங்களைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்தேன். அதனால்தான் திருச்செல்வம் என்னைத் தேடி வந்தார். போர்டிக்சன் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர், கைராசியான மெக்கானிக். தமிழில் ஏர்கோன் கையேடு எழுதியிருந்தார். சொந்தமாகவே அச்சடிக்கப் போவதாகச் சொன்னார். தொழில்நுட்பப் புத்தகத்தை விவரம் தெரிந்தவர்கள் வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும், நானே பார்த்துத் தருகிறேன் என்றேன்.

"அதெல்லாம் வேணாம் சார். தைப்பூசத்துக்குள்ள புக்கு வரணும். நீங்க எழுத்துப் பிழை மட்டும் பாருங்க, போதும்லா."

எழுத்துப் பிழை மட்டும் பார்த்தேன். விட்டுப்போன ஒற்றுகளைப் போட்டேன். ரகர றகரக் குழப்பங்களைத் தீர்த்தேன். கசிவு கண்டுபிடிக்கும் பகுதியில், குழாய்க்குள் நைட்ரஜன் ஏற்ற வேண்டும் என்பதற்குப் பதில் ஆக்ஸிஜன் என்றிருந்தது. அவருக்குத் தெரியாததல்ல, கை தவறியிருக்கும். கம்ப்ரசருக்குள் எண்ணெய் இருக்கிறது. அழுத்தத்தோடு ஆக்ஸிஜன் அதில் பட்டால் வெடிக்கும். ஆனால் ஆக்ஸிஜன் என்ற சொல்லில் எழுத்துப் பிழை இல்லை.

அவர்மேல் கோபமா என்று கேட்கிறீர்கள். இல்லை. நம் ஆட்கள் ஆளுக்கொரு புத்தகம் போட்டுக் கோயில் மண்டபத்தில் மாலை வாங்கிக்கொள்கிறார்கள். உள்ளே இருப்பது சரியா என்று ஒருவரும் கேட்பதில்லை. யாருக்காவது அடிபட்டால்தான் தரம் என்ற பேச்சே எழும். அடி சின்னதாக இருக்கும் என்று நினைத்தேன்.

லோகேஸ்வரி என் பழைய மாணவி. சொந்த வேனில் தோட்டம் தோட்டமாகப் போய் வேலை செய்வாள். புத்தகம் வெளிவந்த பிறகு, அன்று ஒரு தோட்ட ஆபீஸிலிருந்து அழைத்தாள்.

"சார், லீக் பாக்க நைட்ரஜன்தானே அடிக்கச் சொல்லிக் குடுத்தீங்க? இந்தப் புக்குல ஆக்ஸிஜன்னு போட்டிருக்கு. இன்னைக்கு நைட்ரஜன் சிலிண்டரு கொண்டு வரல. வெல்டிங் ஆக்ஸிஜன்தான் வேன்ல இருக்கு."

குரலில் சந்தேகம் இருந்தது. அவள் எப்போதும் கவனமாகப் படித்தவள்.

"புக்குல அப்படித்தானேம்மா போட்டிருக்கு" என்றேன்.

"ஆமா சார். திருத்துனது நீங்கன்னு முன்னால பேரும் இருக்கு. அப்ப சரிதான்லா."

சிரித்தாள். நான் வேறொன்றும் சொல்லவில்லை. அவள் வைக்கும்வரை காத்திருந்துவிட்டு நானும் வைத்தேன். வெடித்ததில் ஆபீஸ் சுவரே பெயர்ந்துவிட்டதாக மாலையில் கேள்விப்பட்டேன்.

நீங்கள் முதலில் சந்தேகப்பட்டது திருச்செல்வத்தை. அவரை விட்டுவிடுங்கள். லோகேஸ்வரியின் அடக்கத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பி அழுதார். அவர் செய்தது கவனக்குறைவு. நான் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தப் பெண் இன்று உயிரோடு இருப்பாள். அழைப்பில் பேசும்போதே எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொல்லாமல் இருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

சாவுக்குப் பிறகு, தமிழில் வரும் தொழில்நுட்பப் புத்தகங்களைச் சரிபார்க்கச் சிரம்பானில் ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். தலைவராக என்னைக் கேட்டார்கள், ஒப்புக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை முதல் கூட்டம். பொறுப்பில்லாதவர்கள் யார் கையிலாவது அந்தக் குழு போய்விடக் கூடாதே என்றுதான் கவலையாக இருக்கிறது.