ஏரல் பஸ்ஸின் ஹாரன்

பெரிய தெருக்களில் நடப்பது எனக்குப் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. வெயில், தூசி, தெரிந்தவர்கள். முடுக்குகளில் நிழல் இருக்கும். தூத்துக்குடியே மறந்துபோன முடுக்குகள் உண்டு, பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கிகளின் பின்சுவர்களுக்கு நடுவே. கிட்டங்கிக் கணக்கப்பிள்ளை நான்; சாவிகள் என்னிடம் இருந்ததால் எல்லாம் எனக்கு அத்துப்படி.

கல்யாணமானதிலிருந்து தினமும் சாயங்காலம் சண்முகவடிவைக் கூட்டிக்கொண்டு நடப்பேன். ஒரு நாள் போன வழியில் மறுநாள் போக மாட்டேன். அவளுக்கு அலுத்துவிடக் கூடாதே. பக்கத்து வீட்டுப் பிளாரன்ஸ் கேலி செய்வாள்: "அண்ணாச்சி, நடத்தியே பெஞ்சாதியக் கொன்னுருவீரு போல!" மூவரும் சிரிப்போம்.

வடிவின் தாய்வீடு ஏரல். பஸ் ஏறும் இடம் வெகுதூரம் என்று சொல்லியிருந்தேன். ஒருமுறை கூட்டிப்போகவும் செய்தேன், முடுக்கு முடுக்காகச் சுற்றி. பாதியில் கால் வலித்துத் திரும்பிவிட்டாள். காலையில் கேட்கிற ஹாரன் எது என்றாள். துறைமுகத்து லாஞ்சிப் படகு என்றேன். நம்பினாள். நல்ல பெண்.

சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊர் காலியானது. பிளாரன்ஸும் மூட்டை கட்டினாள். போகிறவள் சும்மா போகவில்லை.

"ஏளா வடிவு, நீயும் ஆத்தா வீட்டுக்குப் போயிரு. ஏரல் பஸ் இந்தா, பின்னாடி முடுக்கத் தாண்டுனா நிக்கும்."

அன்று வடிவு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அழவில்லை. "நான் போறேன்" என்றாள். போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை.

நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். பின் முடுக்கில் சாக்கடை, இப்படிப் போவோம் என்றேன். கடற்கரைப் பக்கத்துக் கிட்டங்கி முடுக்குக்குள் அவளை முன்னால் விட்டேன். முடுக்கின் இரண்டு கோடியிலும் கதவு உண்டு; அந்தக் கோடிக் கதவை ஏற்கனவே பூட்டியிருந்தேன். இந்தக் கோடிக் கதவை வெளியே வந்து பூட்டினேன். இரண்டு ஆள் உயரச் சுவர். சுற்றிலும் ஆளில்லாத தெருக்கள்.

என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், ஐயா. தாலி கட்டிய நாளிலிருந்து சொல்லாத பெயர். சிவனணைந்தபெருமாள் என்று முழுசாக. கேட்க இதமாகத்தான் இருந்தது. வழக்கம்போல் சாயங்காலமானால் அந்தச் சுவரோரம் நடந்துவிட்டு வருவேன். போகப்போகக் குரல் தேய்ந்து, ஒருநாள் கூப்பிடவில்லை. காலை ஹாரன் அவளுக்கும் கேட்டிருக்கும். அது லாஞ்சி இல்லை என்றும் தெரிந்திருக்கும்.

ஏன் போகவிடவில்லை என்று கேட்கிறீர்கள். இந்த ஊரில் ஒரு வழியும் தெரியாதவள், ஐயா. அவளை எப்படித் தனியே அனுப்புவது?